இடி – சொல்லும் பொருளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

விராலிமலையில் பிறந்தவர்களுக்கு இடியோசை தனியாகக் கேட்பதில்லை. மயிலின் குரலோடு சேர்ந்தே கேட்கும். ஐப்பசி மாதத்து மாலையில் மேகம் கறுத்து ஒரு முறை முழங்கினால் போதும். முருகப் பெருமான் கோயில் கொண்டிருக்கும் மலையின் பாறைகளிலிருந்தும் அடிவாரத்து மரங்களிலிருந்தும் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகவத் தொடங்கும். கார்மேகம் முழங்க மயில் மகிழ்வதைச் சங்கப் புலவர்கள் பல இடங்களில் பாடியுள்ளனர் என்று தமிழ் வகுப்பில் கேட்டபோது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தியாகத் தோன்றவில்லை.

மயிலுக்கு மகிழ்ச்சி தரும் அதே ஓசை மனிதருக்கு அச்சம் தருகிறது. வானம் முழங்கியதும் என் அப்பாயி, காயப்போட்ட கடலையை அள்ளிக்கொண்டே “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்வார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்துவார்கள். யாரேனும் ஒருவர், “எங்கேயோ இடி விழுந்திருக்கு” என்பார்.

அந்த வாக்கியத்தில்தான் இக்கட்டுரை தொடங்குகிறது. ‘இடி’ என்று நாம் கூறுவது எதனை? காதில் கேட்கும் ஒலியையா, வானிலிருந்து விழுந்து உயிரைக் கொல்லும் ஒன்றையா? ஒலி விழுமா? விழுந்தால் கொல்லுமா? இது வெறும் அகராதிக் கேள்வி என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வாறு அன்று என்பதைச் சென்ற ஐப்பசியில் என் தாயார் எனக்கு உணர்த்தினார். அதனைப் பின்னர்க் கூறுவேன். முதலில் சொல்லைக் காண்போம்.

இடி என்னும் சொல்

‘இடி’ என்பது பெயராகவும் வினையாகவும் வழங்கும் சொல். வினையாக வரும்போது அதன் அடிப்படைப் பொருள் மோதுதல், தாக்குதல், நொறுக்குதல் என்பதே. உலக்கையால் மாவை இடிக்கிறோம். நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிறோம். பேருந்து நெரிசலில் தோள் இடிபடுகிறோம். பழைய சுவரை இடிக்கிறோம். மழையில் தானே இடிந்துபோவதும் உண்டு. இடிந்து கிடப்பது இடிபாடு. இடித்த மாவிற்கும் ‘இடி’ என்றே ஒரு பெயர் அகராதியில் உண்டு. நம் வீட்டு இடியாப்பத்திற்கும் வானத்து இடிக்கும் என்ன உறவு என்று விளையாட்டாகக் கேட்போர்க்கு இதுவே விடை: இரண்டிலும் இருப்பது இடித்தலே.

ஆகவே வானில் கேட்கும் முழக்கத்திற்கு நம் முன்னோர் இப்பெயரை இட்டபோது, அங்கே ஏதோ ஒன்று எதனையோ மோதுவதாகக் கருதினர் எனக் கொள்ளலாம். பிற பெயர்களும் இவ்வாறே அமைந்துள்ளன. ‘உரும்’, ‘உருமு’ என்பன பழைய சொற்கள். ‘ஏறு’, ‘இடியேறு’ என்பனவும் இடியைக் குறிக்கும். ‘அசனி’ என்பது வடசொல். இந்திரன் கையில் உள்ள வச்சிராயுதமே இடியாக விழுகிறது என்பது புராணக் கருத்து. இராவணன் மகனுக்கு இந்திரசித்து என்ற பெயர் வருமுன் இருந்த பெயர் மேகநாதன். மேகத்தின் ஒலியை உடையவன் என்பது அதன் பொருள். அர்ச்சுனனை அழைக்கும் வழக்கத்திற்கும் இந்திரனையே காரணமாகக் கூறுவர். அர்ச்சுனன் இந்திரனின் மகன். மகன் பெயரைக் கேட்டால் தந்தை கையை ஓங்கமாட்டார் என்பது எங்கள் ஊர் விளக்கம்.

ஈண்டு எழுத்துப் பிழை ஒன்றையும் சுட்டுதல் நலம். வானம் ‘உருமும்’, நாய் ‘உறுமும்’. முன்னதற்கு இடையின ரகரம், பின்னதற்கு வல்லின றகரம். தேர்வுத் தாளில் நம்மில் பலர் வானத்தை நாயாக்கிவிடுகிறோம்!

வழக்கில் இடி

மக்கள் வழக்கில் இச்சொல் எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக உள்ளது.

எதிர்பாராத துன்பம் வந்தால் ‘தலையில் இடி விழுந்தாற்போல்’ என்கிறோம். விலையேற்றம் வந்தால் நாளிதழ்கள் ‘பேரிடி’ என்று எழுதுகின்றன. செய்தி கேட்டு அசைவற்று அமர்ந்தவரை ‘இடிந்துபோய் உட்கார்ந்தார்’ என்கிறோம். மேடையில் உரக்கப் பேசினால் ‘இடிமுழக்கம்’. அச்சத்தால் நடுங்குபவர்க்கு ‘இடியோசை கேட்ட நாகம்போல’ என்பது உவமை. பாம்பிற்கு வெளிச்செவி இல்லை. தரையின் அதிர்வையே அது பெரிதும் உணர்கிறது என்று விலங்கியல் கூறுகிறது. பெரிய இடி தரையையும் அதிரச் செய்யும் ஆதலால் உவமை முற்றிலும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை.

‘உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி’ என்பது பழமொழி. வேலையும் செய்யாமல் பேச்சும் பேசாமல் இருப்பவன் ‘இடித்த புளி’. வசைச்சொல்லிலும் இடி உண்டு. ‘இடி விழுவான்’ என்று திட்டாத கிராமம் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது ஐயமே.

இரண்டு வழக்குகளை மட்டும் தனியே குறிக்க விரும்புகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அவை வேண்டும்.

ஒன்று, ‘கணக்கு இடிக்கிறது’ என்பது. கூட்டிப் பார்த்ததில் எங்கோ பொருந்தவில்லை, ஏதோ தவறு இருக்கிறது என்னும் பொருளில் கடைக்காரர் முதல் கணக்காசிரியர் வரை அனைவரும் சொல்வது இது.

மற்றொன்று, ‘இடித்துரைத்தல்’. தவறு செய்பவரை உரிமையோடு கண்டித்துத் திருத்துவது இடித்துரைத்தல். திருவள்ளுவர் இச்சொல்லை விரும்பி ஆண்டிருக்கிறார். ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில், இடித்துக் கூறுவாரைத் துணையாகக் கொள்ளாத அரசன், கெடுக்கும் பகைவர் இல்லாதபோதும் தானே அழிவான் என்கிறார். ‘நட்பு’ அதிகாரத்திலோ, நட்புக் கொள்வது சிரித்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நண்பன் வழிதவறும்போது முன்சென்று இடித்துச் சொல்வதற்கே என்கிறார். ஆக, தமிழில் இடி என்பது அடியும் ஆகும். அன்பான எச்சரிக்கையும் ஆகும்.

அண்டை மொழிகளிலும் அயல்நாடுகளிலும்

தெலுங்கில் ஒலியை ‘உருமு’ என்பர். ஒளியை ‘மெருபு’ என்பர். வானிலிருந்து விழுவதைப் ‘பிடுகு’ என்பர். கன்னடத்திலும் ‘குடுகு’, ‘மிஞ்சு’, ‘சிடிலு’ என மூன்று சொற்கள் உள்ளன. மலையாளத்தில் இடி, மின்னல் என்பதோடு இரண்டையும் இணைத்து ‘இடிமின்னல்’ என்றும் கூறுவர். நம் பேச்சுத் தமிழிலோ ஒலிக்கும் இடி, விழுவதற்கும் இடி. ஒளிக்கு மட்டுமே மின்னல் என்ற தனிச்சொல். இதனால் விளைவதைப் பின்னர்க் காண்போம்.

இடிக்கு அஞ்சியது நாம் மட்டுமல்லர். வட ஐரோப்பிய மக்கள் தோர் என்னும் கடவுள் சம்மட்டியை வீசுவதால் இடி உண்டாவதாக நம்பினர். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்கு வழங்கும் ‘தர்ஸ்டே’ என்பது தோரின் நாள் என்பதே. ஜெர்மானியர் அதனை ‘டோனர்ஸ்டாக்’ என்பர். ‘டோனர்’ என்றால் அம்மொழியில் இடி. உரோமானியர்க்கு இடியின் கடவுள் ஜூபிடர். அவர் பெயர் கொண்ட கோளே நம் வியாழன். வியாழக்கிழமை தோறும் உலகின் பல பகுதிகளில் மக்கள் அறியாமலே இடியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

வேதியியல் மாணவர்களுக்கு மற்றொரு செய்தி. தோரியம் என்னும் தனிமத்திற்குச் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் அந்தத் தோரின் பெயரையே சூட்டினார். அத்தோரியம் அடங்கிய மோனசைட் மணல், நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது.

இயற்பியல் கூறும் இடி

மழைமேகத்தின் உள்ளே பனித்துகள்களும் சிறு பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இம்மோதலில் மின்னூட்டம் பிரிகிறது. பொதுவாக மேகத்தின் மேற்பகுதி நேர் மின்னூட்டமும் கீழ்ப்பகுதி எதிர் மின்னூட்டமும் பெறுகின்றன. வேறுபாடு மிகும்போது, மின்கடத்தாப் பொருளாகிய காற்றே உடைந்து வழிவிடுகிறது. அவ்வழியே பாயும் மின்சாரமே மின்னல். மேகத்திற்குள்ளேயும் பாயலாம், மேகத்திற்கும் தரைக்கும் இடையேயும் பாயலாம்.

மின்னல் பாயும் ஒடுங்கிய பாதையில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை உயரும். சூரியனின் மேற்பரப்பைப் போல் இது ஐந்து மடங்கு. நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரத்திற்குள் இவ்வாறு சூடேறிய காற்று வெடித்து விரிந்து, சுற்றியுள்ள காற்றை மோதுகிறது. அந்த அதிர்ச்சி அலையே இடி. மோதுதல் என்ற பழம்பொருள் இங்கே பொருந்தி வருவதைக் காண்க. மோதுவது தேவர் படைக்கலம் அன்று. காற்றைக் காற்றே மோதுகிறது.

அருகில் விழுந்த மின்னலின் இடி ‘படீர்’ என்று ஒரே வெடிப்பாகக் கேட்கும். தொலைவில் விழுந்ததோ ‘கடகட’வென உருளும். மின்னலின் பாதை பல கிலோமீட்டர் நீளமும் பல கோணல்களும் உடையது. அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒலி வெவ்வேறு நேரத்தில் நம்மை வந்தடைவதே இதற்குக் காரணம். முழக்கம், குமுறல் என்று நாம் வேறுபடுத்திப் பெயரிட்டதற்கும் ஓர் அறிவியல் அடிப்படை உள்ளது.

ஒளி கணப்பொழுதில் வந்துவிடுகிறது. ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறது. ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடிகள். ஆகவே இடி நம் காதில் விழும்போது, அந்த மின்னல் தன் வேலையை முடித்து மறைந்துவிட்டது. இடியைக் கேட்டவர் அந்த மின்னலுக்குத் தப்பியவர். கொல்வது மின்னல்; இடி அதன் பின்னால் வரும் ஓசை.

இடிதாங்கி

கட்டடங்களின் உச்சியில் நிறுத்தப்படும் உலோகக் கம்பியை ‘இடிதாங்கி’ என்கிறோம். அது தாங்குவது இடியை அன்று, மின்னலை. தாங்குவதும் இல்லை, தரைக்குக் கடத்துகிறது. பெயரில் இரண்டு பகுதியுமே இயற்பியலோடு ஒட்டவில்லை. எனினும் அழகான சொல். குடும்பத்தின் துன்பங்களையெல்லாம் தன் தலையில் ஏற்கும் ஒருவரை இடிதாங்கி என்று சொல்லும்போது அச்சொல் தன் முழுப் பொருளையும் பெற்றுவிடுகிறது.

மின்னல் என்பது மின்சாரமே என்பதை ஆராய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752ஆம் ஆண்டு பட்டம் விட்ட வரலாறு நாம் அறிந்ததே. அடுத்த ஆண்டிலேயே, அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரிச்மன் என்னும் அறிஞர் இரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மின்னல் தாக்கி உயிரிழந்தார் என்பதைப் பலர் அறியார்.

கோபுரக் கலசங்கள் ஊருக்கே இடிதாங்கி என்று நம்மிடையே ஒரு கருத்து உண்டு. உயர்ந்த உலோக முனை மின்னலை ஈர்க்கும் என்பது சரியே. ஆனால் அம்முனையிலிருந்து தரைக்குள் புதைந்த தகடு வரை இடைவிடாத உலோகப் பாதை இருந்தால்தான் அது இடிதாங்கி ஆகும். அப்பாதை இல்லையேல் கோபுரத்தின் கல்லும் சுதையுமே சேதமுறும். ஊர் முழுவதையும் அது காக்கும் என்று நம்பி வயலில் நிற்பது ஆபத்தாகும்.

கணக்கு இடித்த கதை

முன்னே சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி இதுதான். என் தாயார் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தது நானே முதல். முதலாண்டில் ஒலியின் வேகம் பற்றிப் படித்த பெருமையில், ஒரு விடுமுறையின்போது அம்மாவிற்குப் பாடம் எடுத்தேன். “மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்க, இடி கேட்டதும் நிறுத்துங்க, வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்று தெரியும்” என்றேன். அம்மாவிற்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். மாலையில் பட்டியில் ஆடுகளை எண்ணி அடைக்கிறவர் அவர். உடனே பிடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு மாலை. அம்மா வயற்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மின்னல் வெட்டியது. எண்ணினார், பன்னிரண்டு வந்தது. நான்கு கிலோமீட்டர் தொலைவு. “இன்னும் நேரம் இருக்கு” என்று எண்ணி அங்கேயே நின்றார். மற்றவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியபோதும், படித்த மகன் சொன்ன கணக்கை நம்பி அவர் கிளம்பவில்லை. அடுத்த மின்னல் வரப்போரத்துப் புளியமரத்தில் விழுந்தது. அதனடியில் ஒதுங்கியிருந்த எங்கள் ஆடுகளில் இரண்டு அங்கேயே மடிந்தன. அம்மா மரத்தை விட்டுத் தள்ளி நின்றதால் பிழைத்தார்.

அன்றிரவு வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ சொன்ன கணக்கு எங்கயோ இடிக்குதே” என்றார்.

மறுவாரம் எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதனைக் கூறினேன். அவர் என்னை இடித்துரைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். “கணக்கு சரி, முடிவு தவறு. போன மின்னல் எங்கே விழுந்தது என்பதைத்தான் உன் கணக்கு சொல்லும். வரப்போவது எங்கே விழும் என்று சொல்லுமா?” என்றார்.

உண்மை. ஒரே மேகத்தின் அடுத்தடுத்த மின்னல்கள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி விழக்கூடும். மழை பெய்யாத இடத்திலும் விழக்கூடும். இடி சாதாரணமாகச் சுமார் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். மின்னல் தாக்கக்கூடிய எல்லையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இடி காதில் கேட்டுவிட்டால் நாம் எல்லைக்குள் இருக்கிறோம் என்பதே அதற்குப் பொருள். எண்ணிப் பார்த்து நிற்க இடமில்லை.

அறிய வேண்டியவை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். அவ்வாண்டு இயற்கைச் சீற்றங்களால் இறந்தோரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் இது. வெட்ட வெளியில் உழைப்பவர்களே மின்னலுக்கு மிகுதியும் இரையாகின்றனர். வானம் பார்த்த பூமியாகிய நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அவர்கள் நம் தாய் தந்தையரே. எனவே சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இடி கேட்டதும் சுவரும் கூரையும் உள்ள நல்ல வீட்டிற்குள் செல்ல வேண்டும். கதவுகள் மூடிய பேருந்து, மகிழுந்து ஆகியவற்றின் உட்புறமும் பாதுகாப்பானதே. நாற்புறமும் திறந்த கீற்றுக் கொட்டகை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. மரத்தடி மிகக் கொடியது. மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் மேல் பக்கவாட்டில் தாவும். தரை வழியாகவும் பரவும். ஆடுமாடுகளின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். தரையில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும்போது இதயத்தின் வழியே செல்கிறது. ஒரு மரத்தடியில் மந்தையே மடிவதற்கு இதுவே காரணம். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே வெளியில் வர வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் பாயும் என்று அஞ்சி விலகி நிற்பவர்கள் இன்றும் உள்ளனர். இது முற்றிலும் தவறு. மின்னல் நொடியில் கடந்து போய்விடுகிறது. தாக்குண்டவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. அவரைத் தாராளமாகத் தொடலாம். மூச்சும் இதயத் துடிப்பும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். விலகி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், பிழைக்கக்கூடிய உயிர்களும் போய்விடுகின்றன.

கைப்பேசி வைத்திருப்போர்க்கு, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்னும் செயலியை உருவாக்கித் தந்துள்ளது. அருகில் மின்னல் வருவதை அது முன்கூட்டி அறிவிக்கும். தாமினி என்ற வடசொல்லுக்கு மின்னல் என்பதே பொருள். பெயரிட்டவர்கள் ஒலியை விட்டு ஒளியைப் பிடித்திருக்கிறார்கள்.

முடிவுரை

‘இடி விழுந்தது’ என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்தன்று. இடி என்றாலே அடி என்ற பொருள் தமிழில் இருப்பதால் அவ்வழக்கு இலக்கணப் பிழையும் ஆகாது. ஆனால் ஒலிக்கும் அடிக்கும் ஒரே பெயர் இருப்பதால், சத்தம் அடங்கினால் ஆபத்து அடங்கியது என்றும், சத்தம் மெல்லியதாய் இருந்தால் ஆபத்து தொலைவில் உள்ளது என்றும் நாம் மயங்குகிறோம். அந்த மயக்கம்தான் மரத்தடியில் ஒதுங்கச் செய்கிறது. என் அம்மாவை வயலில் நிறுத்தி வைத்ததும் ஒரு வகையில் அதுவே. எனக்கிருந்த அரைகுறை அறிவு அதற்குத் துணை போயிற்று.

வள்ளுவர் கூறிய பொருளில் இச்சொல்லை எடுத்துக்கொண்டால் மயக்கம் தீரும். இடி நம் பகைவன் அன்று. தவறான இடத்தில் நிற்கும் நம்மை உரக்கக் கண்டிக்கும் நண்பன். அது இடித்துரைக்கும்போது ‘எவ்வளவு தூரத்தில்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் எழுந்து நடப்பதே அறிவுடைமை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக இவ்வாண்டு நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது, குளம் வெட்டுவதோடும் கோயில் வளாகம் தூய்மை செய்வதோடும் இந்தச் செய்தியையும் கொண்டு செல்வோமாக. என் தாயார் இப்போது எண்ணுவதை விட்டுவிட்டார். முதல் முழக்கம் கேட்டு மலையில் மயில்கள் அகவும்போதே, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்.